அந்தோனியாருக்கு ஐந்து பாட்டு

கம்ப்யூட்டர் செத்துப்போன அந்த வியாழக்கிழமை மாலை, மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் அம்மா இருந்தார், அப்பா இருந்தார், நான் இருந்தேன். அக்கா மட்டும் இல்லை. அவள் கண்டியில் துணிக்கடையில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருக்கிறாள்.

உறவுகளே, அன்று நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். புனித அந்தோனியார் திருவிழாவுக்கு ஐந்து பாட்டு இசையமைத்து, பதிவு செய்து தருவதாகப் பங்குத்தந்தையிடம் நானே கேட்டு வாங்கிய பொறுப்பு அது. ஒன்பது நாள்தான் மிச்சம். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் உயர்தரம் வரை படித்தவன் நான். "ஒரு வருசம் ஒம் பாட்டப் பாரு. சரிவரலேன்னா அக்குறணையில கடை வேலைக்குப் போயிரணும்" என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த வருடம் திருவிழாவோடு முடிகிறது.

போனது எட்டு மாத உழைப்பு. நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று இலக்கு வைத்தவன் நான். அதைக் காப்பாற்ற வைத்தவர் அம்மா. தோட்டத்தில் பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப் பேர்தான் விழும். அதாவது அரை நாள் சம்பளம். அதே சட்டம் வீட்டில் எனக்கும். "இன்னைக்கி ஒனக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" முழுப் பேர் என்று நான் சொன்னாலும் விடமாட்டார். "நிறுக்காம யாரு பேர் போடுவா?"

அதனால் அன்றன்று செய்ததை, குரல் தனியாக, மேளம் தனியாக, அக்காவின் போனுக்கு அனுப்புவேன். என் போனில் இடமில்லாததால் அனுப்பியதும் அழித்துவிடுவேன். அவள் கேட்டுவிட்டு "முழுப் பேர்" என்று பதில் போடுவாள். அதுதான் எங்கள் தராசு.

அழுகையில் அந்தத் தராசு எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. மூவரும் முழங்காலில் நின்று செபித்தோம். நடுவில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தொலைஞ்சத தேடிக் குடுக்குறவருக்குப் போட்ட பாட்டே தொலைஞ்சிருச்சே! அவரு பாட்டு, அவரே தேடிக்கட்டும்."

செபம் முடியும்போது போன் அடித்தது. அக்கா.

"டேய், இன்னைக்கி ஏன் ஒன்னும் வரல? அரைப் பேர்கூட இல்லையா?"

அப்போதுதான் தராசு ஞாபகம் வந்து துள்ளி எழுந்தேன். "அக்கா, பழசெல்லாம் போன்ல இருக்கா?"

"போன் நெறஞ்சிருச்சின்னு போன மாசமே அழிச்சேன்டா."

"அழிச்சிட்டியா?"

"ஒம் பாட்ட இல்லடா லூசு. என் போட்டோவ."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போய், அக்காவின் போனில் இருந்த அத்தனையையும் எடுத்துவந்தேன். பங்குத்தந்தை அலுவலகக் கம்ப்யூட்டரைத் தந்தார். ஒரு வாரத்தில் ஐந்து பாட்டையும் மறுபடி கோர்த்து முடித்தேன். திருவிழாவில் அவை ஒலித்தபோது கோவிலே சேர்ந்து பாடியது. வெளியே வந்ததும் அப்பா என் தோளைத் தட்டினார். "சரி, அடுத்த வருசத்துக்கும் பேர் போட்டுக்க."

நான் கேட்கும் முன்பே, எட்டு மாதமாக ஆண்டவர் பதில் அனுப்பிக்கொண்டிருந்தார். நீங்களும் உங்கள் இலக்கை அவரிடம் கொடுங்கள். அன்றன்றைய வேலையை, உங்களை நேசிக்கும் ஒருவரிடம் நிறுக்கக் கொடுங்கள்.

எத்தனை படம் போனது என்று அக்காவிடம் பிறகு கேட்டேன். அழிக்கும்போது போன் காட்டிய எண் அவளுக்கு நினைவிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு.