ரெண்டு குச்சி ரிமோட்

கண்ணுங்களா, நேற்று சாப்பிடும்போது ரெண்டு பேரும் கேட்டீர்கள், மாமா தாத்தாவுக்கு ஏன் கல்யாணமே ஆகவில்லை என்று. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அவர் என் அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன். ஓசூரில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை. எனக்கு ஏழு வயதில் குந்தாரப்பள்ளியில் காதுகுத்து வைத்தார்கள். மாமாவுக்கு அஞ்செட்டிப் பக்கம் பெண் பேசி முடித்திருந்தது. காதுகுத்துக்கு வரும் பெண்ணின் அப்பாவோடு உட்கார்ந்து, அன்றைக்கே கல்யாணத் தேதியும் குறித்துவிடலாம் என்று ஏற்பாடு.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்த மெஷின் மாமாவின் வலது கையில் கட்டைவிரலோடு சேர்த்து மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஓ.டி. இருக்கிறது, லீவு இல்லை என்று போனில் சொல்லியே நாளைக் கடத்தியிருக்கிறார். காதுகுத்துக்கு மட்டும் வராமல் இருக்க முடியாது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எப்படி?

வந்தவர் வலது கையை பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவேயில்லை. ஓசூர் ஸ்டைல் போலிருக்கிறது என்று நானும் டிராயர் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

காதுகுத்துக்கு முதல் நாள் காலையில், சீரோடு வைக்க எனக்கொரு ரிமோட் வண்டி வாங்கக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். மாமா ஒரு போலீஸ் காரைக் காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் ரிமோட், ஒரே பொத்தான்.

“இத எடுத்துக்கடா. சைரன்லாம் அடிக்குது பாரு.”

என் கண் மேல்தட்டில் இருந்த மஞ்சள் லாரியை விட்டு நகரவில்லை. அதன் ரிமோட்டில் இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி.

“அது பெரிய பசங்க ஓட்டறது தம்பி. ரெண்டு கட்டைவிரலும் வேலை செய்யணும்,” என்றார் கடைக்காரர்.

“எனக்குதான் ரெண்டு இருக்குதே!” என்று தூக்கிக் காட்டினேன். கடைக்காரர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

“போலீஸ் காரே போதும்டா. மாமா சொன்னா கேக்கமாட்டியா?”

மாமா கஞ்சம் என்று முடிவு கட்டினேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். லாரி கிடைத்தது. மாமா இடது கையால் பணத்தை நீட்ட, “போணி நேரத்துல பீச்சாங்கையில குடுக்கறியேப்பா,” என்று கடைக்காரர் முகம் சுளித்தார். மாமா பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். வேட்டியில் பாக்கெட் இல்லாததால் துண்டு சுற்றி மறைத்திருந்த வலது கையின் முழங்கையால் என் தலையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். அழுகையை நிறுத்த லாரியை எடுத்துக் கொடுத்தார்கள். ஓட்டத் தெரியாமல் பந்தலில் இருந்த எல்லார் காலிலும் மோதினேன்.

“காது குத்துன கோவத்துல ஆளுங்கமேல ஏத்தறான் பாரு,” என்றாள் பெரியம்மா.

“மாமா, நீ ஓட்டிக் காட்டு,” என்று ரிமோட்டை நீட்டினேன்.

“நீயே ஓட்டுடா. பசங்க சாமான் எனக்கெதுக்கு?”

பெண்ணின் அப்பா வெற்றிலை வாயோடு சிரித்தார். “கம்பெனில அத்தாம்பெரிய மெஷினையே ஓட்டறாரு, இது வராதா? ஓட்டுங்க மாப்ள, நாங்களும் பாக்கறோம்.”

மாமா இடது கையை நீட்டினார்.

“அந்தக் கையும் வேணும் மாமா!” என்று நான் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

துண்டு கையோடு வந்துவிட்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் இருந்தன. மற்ற இடத்தில் தையல் போட்ட தோல், ரோஸ் நிறத்தில் பளபளத்தது. “ஐயோ, என் தம்பி கை!” என்று அம்மா அலறினாள்.

பெண்ணின் அப்பா எழுந்தார். வெளியே போய் வெற்றிலையைத் துப்பினார். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. கூட வந்தவர்களை எழுப்பிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். அஞ்செட்டிக்குப் பஸ் கம்மி, அதனால்தான் அவசரம் என்று நினைத்தேன். “டாட்டா தாத்தா,” என்று கையை ஆட்டவும் செய்தேன்.

“பந்தி முடிஞ்சதும் அவரத் தனியா கூப்ட்டு நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்க்கா,” என்று மாமா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. எதைச் சொல்வதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்கப்புறம் எந்த இடமும் அமையவில்லை. மாமாவே சொல்லியிருந்தால் அந்த மனிதர் மனசு இறங்கியிருப்பாரா, தெரியாது. சொல்வதற்கு இருந்த ஒரு சந்தர்ப்பத்தைப் பிடுங்கியது நான்தான். இன்றுவரை மாமா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று அவரும் சாப்பிடாமலே ஓசூர் பஸ் ஏறினார். சாயங்காலம் ஒரு தட்டில் மீந்த சோற்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். கட்டைவிரலையும் பக்கத்து இரண்டு விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். மிச்சமிருந்த இரண்டு விரல்களால் அள்ளிப் பார்த்தேன். சோறு சட்டைமேல் விழுந்தது. மறுபடியும் அள்ளினேன். மறுபடியும் விழுந்தது. பசி தாங்கவில்லை. விரல்களை விரித்து, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டேன்.