சாமி காலில் வெடிப்பு

காரைக்குடியில் எங்கள் தெருக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தபோது, மண்டபச் சுவரில் சாமி காட்டுக்குப் போன கதையை வரையும் வேலை மாமாவுக்குக் கிடைத்தது. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே மண்டபத்துக்கு ஓடிவிடுவேன். சாமி உண்டாவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது லேசுப்பட்ட விஷயமா?

காட்டுக்குத் தேடி வந்த தம்பி கெஞ்சிக் கேட்டதற்காகக் காலணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாமி வெறுங்காலோடு திரும்பி நடக்கிற காட்சி. மேகநிறம், வில், மரவுரி எல்லாம் காலண்டரில் பார்த்த மாதிரியேதான். குதிகாலில் மட்டும் மாமா கோடு கோடாகப் பித்தவெடிப்பு வரைந்திருந்தார்.

கமிட்டித் தலைவர் பதறிப்போனார்.

"ஏப்பா, சாமி காலுல வெடிப்பா? பாட்டுல தாமரைப் பாதம்னுல்ல இருக்கு!"

"செருப்பையும் குடுத்துட்டுக் கல்லுலயும் முள்ளுலயும் நடந்தவுகளுக்குக் காலு வேற எப்படிண்ணே இருக்கும்?" என்றார் மாமா.

தலைவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். சிங்கப்பூரில் இருந்த நன்கொடைக்காரர்கள்கூட முகம் சுளித்தார்களாம். விடிவதற்குள் கால் மாறாவிட்டால் வேறு ஆள் வருவார் என்று தலைவர் சொல்லிவிட்டார். மாற்றவே மாட்டேன் என்று மாமா பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார்.

எனக்கு வேறு கவலை. பார்க்காமல் இவ்வளவு கச்சிதமாக வரைய முடியாது. அப்படியானால் அது யாருடைய கால்? அன்று மாலை தெருவில் ஒவ்வொருவர் காலாகக் குனிந்து பார்த்தேன். கடையில் உட்கார்ந்தே இருக்கும் அப்பாவின் கால் வழவழவென்று இருந்தது. எதிர்வீட்டு வாத்தியார், என்னத்தைத் தொலைத்தாய் என்று விரட்டினார். கடைசியில் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையிலிருந்து அம்மா வந்து, சிமெண்ட் படிந்த காலைக் கழுவினாள். அதே கோடுகள். இடது குதிகாலில் கிளை பிரிந்த வெடிப்புகூட அப்படியே இருந்தது.

"அம்மா, சாமிக்கு ஒன் காலு!" என்று கூவினேன்.

அம்மா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திருடா தம்பி. சாமிக்காச்சும் காலு நல்லா இருக்கட்டும்."

கமிட்டிக்கு மசியாத மாமா, உடனே பிரஷ்ஷை எடுத்தார். வெடிப்புகள் ஒவ்வொன்றாக மறைந்து தாமரைப் பாதம் வந்தது. எனக்கோ ஆத்திரம். ஊரே விழுந்து கும்பிடப்போகிற கால் என் அம்மாவுடையது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொள்ள இருந்தேன். அவளே தலைவர் கட்சியில் சேர்ந்துவிட்டாளே! 'சாமிக்காச்சும்' என்று அவள் சொன்னதில் அந்த 'ஆச்சும்' மட்டும் அன்றைக்கு என் காதில் விழவே இல்லை.