எந்த மூடி எந்த ராடுக்கு

ஆர்மாஸ் லூஹ்தலா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பேச்சில் கஞ்சர், கைவேலையில் கெட்டி என்று ஏரிக்கரை முழுக்கப் பெயர். கூரைத் தகடானாலும் கிணற்று மோட்டாரானாலும் இன்னொருவரைக் கூப்பிட்டதில்லை.

மனைவி சிர்க்காவின் பச்சைக் கார் புகை கக்க ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு முன்பே சொந்தச் சம்பளத்தில் அவள் வாங்கிய கார். முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்வர அதை விட்டால் வேறு வண்டியில்லை. பட்டறையில் விடலாம் என்றாள்.

"பட்டறைக்கா? அப்போ நான் எதுக்கு இருக்கேன்?"

என்ஜினைப் பிரித்தார். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வெந்நீரும் கதகதப்பும் உள்ள இடம் வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாதான். நீராவியில் உட்காரும் மரப்படிகளில் பழந்துணி விரித்து, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ஒவ்வொரு ராடையும் அதன் அடிமூடியோடு வரிசையாக வைத்தார். ராடும் மூடியும் சேர்த்துத் துளை கடைந்தவை. மூடி மாறினால் வட்டம் கெடும், பேரிங் கிராங்கைக் கவ்வும். அதனால்தான் புள்ளி குத்தி அடையாளம் வைப்பார்கள். ஆர்மாஸ் வைக்கவில்லை. வரிசைதான் இருக்கிறதே.

சனிக்கிழமை வந்தது. அன்றைக்குச் சவுனா மூட்டாத வீடு அந்தப் பக்கம் கிடையாது. சிர்க்காவின் தம்பி எஸ்கோ வேறு, குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தான். ஆர்மாஸ் அவசர அவசரமாக எல்லாவற்றையும் ஒரு வாளியில் அள்ளிப் போட்டார். மூடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கணீரென்று விழுந்தன. அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு கண்மதிப்பில் பொருத்தினார். போல்ட்டுகளை முறுக்கியதும் கிராங்க் கைக்குத் திரும்ப மறுத்தது. புது பேரிங், ஓட ஓடச் சரியாகும் என்று சொல்லிக்கொண்டார். எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டார், மனசாட்சிக்கும் சேர்த்து.

நடுக்கோடைத் திருநாளன்று, கரையில் சொக்கப்பனை அடுக்கியிருக்க, விருந்தாளிகள் எதிரில் சாவியைத் திருப்பினார். கிளம்பியது. கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் ஒரு தட்டல். அப்புறம் ஒரே இறுகல்; என்ஜின் நின்றுவிட்டது.

"என்ன அத்தான், பள்ளிக்கூடப் பிள்ளைங்களையும் இவ்வளவு தூரம்தான் கூட்டிட்டுப் போவீங்களா?" என்றான் எஸ்கோ, வாயில் சாசேஜோடு.

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்மாஸின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"நான் ஒழுங்காத்தான் அடுக்கி வச்சேன். உங்க அக்கா சவுனாவைச் சுத்தம் பண்றேன்னு எல்லாத்தையும் கலந்துட்டா."

சிர்க்கா புது உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு பரிமாறினாள், அவருக்கும்.

அதற்குப் பிறகு சிர்க்கா சைக்கிளில் வேலைக்குப் போனாள். கடையில் ஒருத்தி, "எங்க வீட்டு டிராக்டர் பக்கம் மட்டும் துடைப்பத்தோட வந்துடாதடி," என்றாள். சிர்க்கா சிரித்துவைத்தாள். ரொட்டி அலமாரிக்குப் பின்னால் ஆர்மாஸ், எடுத்த ரொட்டியை வைக்கவும் தோன்றாமல், கொண்டுபோகவும் தோன்றாமல் நின்றார்.

அடுத்த சனிக்கிழமை சவுனாவின் மேல்படியில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். சிர்க்கா அடுப்பின்மேல் சுட்டுக் கிடந்த கற்களில் தண்ணீர் ஊற்றினாள்.

"நீ வாளிய தூக்கிட்டுப் போனத சன்னல் வழியா பார்த்தேன்."

நீராவி காதைச் சுட்டது.

"அப்போ ஏன் அன்னிக்கு வாயத் திறக்கல?"

"திறந்திருந்தா இன்னொரு பொய் சொல்லியிருப்ப. தம்பி முன்னால அதையும் நான் கேக்கணுமா?"

மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்து, வியர்வையோடு வியர்வையாக இறங்கிப் போனது.

"திங்கக்கிழமை வண்டிய பட்டறையில விட்டுடறேன்."

"வண்டி கிடக்கட்டும்," என்றாள்.

திங்கட்கிழமை பெட்ரோல் பங்க் காபி மேசையில் எஸ்கோவும் சகாக்களும் இருந்தார்கள். ஆர்மாஸ் உட்காரவில்லை.

"மூடிய கலந்தது நான்தான். சிர்க்கா இல்ல."

எஸ்கோ சிரித்தான். "அக்காவுக்காக விட்டுக்கொடுக்கறீங்க. நல்ல மனசு அத்தான் உங்களுக்கு."

மேசை முழுக்கத் தலையாட்டியது. ஒருவர் அவருக்காக நாற்காலியை இழுத்துக்கூடப் போட்டார். அதில் உட்கார்ந்துவிடலாம். இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

"நான் புள்ளி குத்தல," என்றார் ஆர்மாஸ், நின்றபடியே. "வாளியில போட்டது நான். முறுக்குனதும் கிராங்க் திரும்பல. தெரியும். தெரிஞ்சேதான் மூடினேன். அவ சவுனா பக்கமே வரல."

தெரிந்தே அப்படி ஒரு வேலையைச் செய்தேன் என்று, விட்டுக்கொடுப்பதற்காகக்கூட யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அந்த மேசையில் எல்லோருக்கும் தெரியும். அவர் சிரிப்பை எதிர்பார்த்து நின்றார். வரவில்லை. எஸ்கோ கோப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா மழையில சைக்கிள் மிதிச்சுட்டுப் போறா, அத்தான்."

"தெரியும்," என்றார்.