மாமியின் ஐரிஸ் குளம்

ஈரச் சாக்கில் சுற்றிய சில கிழங்குகள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுப் பண்டாரவளையிலிருந்து யாழ்ப்பாணத்தில் எங்கள் சண்டிலிப்பாய் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாமியின் கையில் வேறொன்றும் இருக்கவில்லை. மாமி அப்பாவின் அக்கா. மாமா அந்தக் கலவரத்தில் செத்துப்போனார். ஓடைக்கரையில் அவர் வளர்த்த ஐரிஸ் பூச்செடியின் கிழங்குகள் அவை.

எங்கள் வளவில் ஓரடி தோண்டினாலே சுண்ணாம்புக்கல். கிணற்றடிக்கு அப்பால் ஒரேயோர் இடத்தில்தான் ஆழமான செம்மண். மாமி அங்கே இடுப்பளவு குழி வெட்டி, தண்ணீர் வடியாதபடி களிமண் பூசிக் குளமாக்கினார். வாழைகளின் நிழலில் இலைகள் வாள்போல நிமிர்ந்தன. மாரி முடிந்த ஒரு தை மாதத்தில் நீலமாக ஒரு பூ. மாமி அன்று சாப்பிடவில்லை. அதன் பக்கத்திலேயே இருந்தார்.

பிறகு குண்டு போடும் விமானங்கள் வரத் தொடங்கின. ஊரெல்லாம் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டியது.

"அக்கா, வெட்டுறதுக்கு உந்த இடம் ஒண்டுதான் கிடக்கு," என்றார் அப்பா.

மாமி குளத்தின் விளிம்பில் குந்தினார். "கிழங்குகளை எடுத்துப்போட்டுத் தாறன், பிறகு வெட்டு. ஆனா தம்பி, உது தண்ணி பிடிக்கிற நிலம்."

"குண்டைவிடத் தண்ணி பறவாயில்லை."

ஐரிஸ் தார்ப் பீப்பாய்களுக்குக் குடிபெயர்ந்து, சேறும் நீருமாகச் சுவரோரம் வரிசையாக நின்றது. குளம் இன்னும் ஆழமாகி, பனங்குற்றி மூடிய பங்கரானது. ஐப்பசி மழையில் அதற்குள் நீர் ஊறியது. அப்பா வாளியால் இறைப்பார். விடிய மறுபடியும் நிறைந்திருக்கும். பக்கச் சுவரில் மண் கரைந்து விழும் சத்தத்தை மாமி காதுகொடுத்துக் கேட்பார். "இதுக்குள்ளை பிள்ளையை இறக்காதை," என்றார் ஒருநாள். அப்பா கோபித்துக்கொண்டார்.

கார்த்திகையில் ஒரு காலை. அம்மா சந்தைக்குப் போயிருந்தார். விமானம் தாழப் பதிந்து வந்தது. "ஓடி வாங்கோ!" என்று கத்திக்கொண்டே அப்பா பங்கருக்குள் குதித்தார். பின்னால் ஓடிய என்னை மாமி சட்டையில் பிடித்து இழுத்து, பீப்பாய்களுக்குப் பின்னால் நிலத்தோடு அழுத்தினார். குண்டு அடுத்த ஒழுங்கையில் விழுந்தது. சிதறிவந்த இரும்புத் துண்டுகளைப் பீப்பாய்ச் சேறு வாங்கிக்கொண்டது. நான் தலை நிமிர்த்தியபோது பனங்குற்றிகள் உள்ளே சரிந்திருந்தன. ஊறிப்போன சுவர் அந்த அதிர்வைத் தாங்கவில்லை.

அயலவர்கள் மண்ணை விலக்கி அப்பாவை எடுக்க மத்தியானமாயிற்று. அவர் அன்றிருந்த வயதை நான் இப்போது கடந்துவிட்டேன். குளமா, பங்கரா அவரைக் கொன்றது என்று கேட்டால் இன்றும் எனக்கு விடை தெரியாது. மாமி யாரையும் குற்றம் சொல்லவில்லை. விறாந்தையில் கிடத்தியிருந்த தன் தம்பியின் தலைமாட்டில் இருந்து, துவாயால் அவர் தலையைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"தலை ஈரமாக் கிடக்கடா, தம்பி."

முடி காய்ந்த பிறகும் துடைத்தார். ஒருவரும் தடுக்கவில்லை.