மருந்து நிறுத்திய தொட்டி

அக்காவுக்குக் கோபம் வந்தால் தொட்டியைத் துடைப்பாள். சந்தோஷம் வந்தாலும் அதையேதான் செய்வாள். எங்கள் ஆய்வுக்கூடத்துத் தொட்டிகள் பளபளவென்று இருப்பதைப் பார்த்து மேடம் அவளை வாய் நிறையப் பாராட்டுவார். அந்தப் பளபளப்பின் வண்டவாளம் எனக்குத்தான் தெரியும். நான் அங்கே கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவள். அவள் தலைப்பிரட்டைகளைப் பார்த்துக்கொள்கிறவள். கூடப் பிறக்கவில்லை, ஆனாலும் அக்கா.

தலைப்பிரட்டை எப்படித் தவளையாகிறது என்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. நம் கழுத்தில் இருக்கிற அதே தைராய்டு சுரப்பி அதற்கும் கடுகளவில் இருக்கிறது. மூளை உத்தரவு கொடுத்ததும் அது ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அவ்வளவுதான், பின்னங்கால் முளைக்கும், முன்னங்கால் முளைக்கும், வால் கரையும், கீரை தின்ற நீளக் குடல் சுருங்கிப் பூச்சி தின்னத் தயாராகும். காலை வளரச் சொல்வதும் வாலைக் கரையச் சொல்வதும் அதே ஹார்மோன்தான்.

முதல் தொட்டியை மேடம் அதன் போக்கில் விட்டிருந்தார். இரண்டாவதில் ஹார்மோனை முன்கூட்டியே ஊற்றினார்; வளர்வதற்குள் அவசரப்பட்டு ஈ அளவுக்குக் குட்டித் தவளைகள் வந்தன. மூன்றாவதில் சுரப்பியை அடக்கிவைக்கும் மருந்து. அதில் இருந்தவை வளர்ந்துகொண்டே போயினவே தவிர, மாறவில்லை. மற்றதெல்லாம் தவளையாகித் துள்ளிப் போன பிறகும் இவை குண்டு குண்டாக வாலாட்டிக்கொண்டு கிடந்தன. அக்காவுக்கு அந்தத் தொட்டியின் மேல்தான் உயிர்.

தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார்களைப் பழுதுபார்க்க ஒருவர் வருவார். மனைவியை இழந்தவர், ஒரே மகள். கழற்றிய திருகாணியை உதட்டில் கவ்விக்கொண்டே வேலை செய்வதால் பேச்சுக் குறைவு. ஒருநாள் அதை வாயிலிருந்து எடுத்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"நாம சேர்ந்து இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. உங்களுக்கு எப்படிங்க?"

"அப்பா படுத்த படுக்கையா கெடக்காரு. யோசிச்சுச் சொல்றேங்க."

அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அக்கா யோசித்துக்கொண்டே இருந்தாள். அந்த மனிதர் கண்ணியத்தைக் கட்டிக்கொண்டு இரண்டாவது முறை கேட்கவே இல்லை. இரண்டு பேரையும் பிடித்து ஒரே தொட்டிக்குள் தள்ளலாமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவரைப் பார்க்காமலும் அவளால் இருக்க முடியாது. மோட்டார் கெட்டால்தான் அவர் வருவார், மோட்டாரோ கெடுவேனா என்று ஓடும். அதனால் அக்கா அவ்வப்போது மூன்றாவது தொட்டியின் காற்றுக்குழாயைக் கழற்றிவிடுவாள். பெரிய தலைப்பிரட்டைகள் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும், சாகாது என்று தெரிந்துகொண்டுதான் இந்தத் திருட்டுத்தனம். பிறகு அலுவலகத்துக்குப் போய், ஒன்றும் அறியாதவள் போல, மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்பாள். அவர் வந்து குழாயை மாட்டுவார். அதோடு போகாமல், மோட்டாரையும் பிரித்துப் போட்டு, இல்லாத கோளாறை நிதானமாகத் தேடுவார். அவ்வளவு நேரமும் அக்கா பக்கத்துத் தொட்டியைத் துடைப்பாள்.

ஒருமுறை அப்படிக் கூப்பிட்டபோது வேறொரு ஆள் வந்து நின்றார்.

"டியூப்புதானே கழண்டிருக்கு, இதுக்கா கூப்பிட்டீங்க? யாரு கழட்டினது?"

"தலைப்பிரட்டையா இருக்கும், விசாரிச்சுப் பாருங்க" என்றேன் நான். அக்கா சிரிக்கவில்லை.

"எப்பவும் வர்றவர் வரலையா?" என்று கேட்டாள்.

"அவரா? பொண்ணுக்கு வேற ஊர்ல காலேஜ் கெடச்சுது. அவரும் அங்கேயே மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு."

வெட்கத்தை விட்டு நான்தான் அவருடைய நம்பரைக் கேட்டு வாங்கி அவள் போனில் ஏற்றினேன். அவள் கூப்பிடவில்லை. போனை எடுப்பாள், நம்பரைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலையே பார்ப்பாள்.

"அப்பப்ப பார்த்தாலே போதும்னு இருந்துட்டேன்டி" என்றாள் ஒருநாள். "பார்க்கிறதும் இல்லாமப் போகும்னு நான் நெனக்கவே இல்ல."

எனக்குத் திட்டத்தான் வாய் வந்தது. அவள் டப்பாவை மூடி எடுத்துவைத்தேன்.

அடுத்த வாரம் மேடம் வந்து, "மூணாவது தொட்டிக்கு இனிமே மருந்து வேண்டாம், வெறும் தண்ணி போதும்" என்றார்.

"இனிமே நிறுத்தி என்ன மேடம்? இதுங்களுக்குத்தான் வயசாயிடுச்சே" என்றாள் அக்கா.

"அடக்கித்தானே வச்சோம். சுரப்பி செத்தா போச்சு? பார்ப்போம்."

அக்கா நம்பவில்லை. நானும்தான். ஆனால் அந்தக் கிழட்டுத் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்தது. முதலில் பின்னால் மொட்டு மாதிரி இரண்டு, பிறகு முழங்கால், பிறகு விரல். அக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். துடைக்கவே மறந்துபோனாள்.

விடுமுறை முடிந்து வந்த காலையில் அவள் கூப்பிட்ட குரலைக் கேட்டு ஓடினேன். முன்னங்காலும் முளைத்து, பாதி வால் கரைந்த ஒன்று தண்ணீருக்குள் செத்துக் கிடந்தது. அந்தக் கட்டத்தில் செவுள் போய்விடும், நுரையீரல்தான் கதி. கரையேற ஏதாவது வேண்டும். மற்றத் தொட்டிகளில் சரிவாகக் கல் வைத்திருந்தாள். இதில் வைக்கவில்லை. இவை எங்கே மாறப்போகின்றன என்று ஆரம்பத்திலேயே வைக்காமல் விட்டது, கால் முளைத்த பிறகும் அவளுக்கு நினைவு வரவில்லை.

"மாறி வந்துருச்சுடி, ஏறத்தான் எடமில்ல" என்று சொல்லி அழுதாள். அப்பா போன அன்றுகூட அவள் இப்படி அழுது நான் பார்க்கவில்லை.

கல்லைக் கொண்டுவந்து வைத்தாள். முழங்கை வரை ஈரம் சொட்டச் சொட்ட, என்னை அவருடைய நம்பரைப் போட்டு, போனை ஸ்பீக்கரில் பிடிக்கச் சொன்னாள். அதனால் நானும் கேட்கும்படி ஆயிற்று.

"நான்தாங்க, ஆய்வுக்கூடத்துலேர்ந்து" என்றாள்.

அந்தப் பக்கம் சட்டென்று பதறியது. "ஐயையோ, நான் வெளியூர்ல இருக்கேனே! எந்தத் தொட்டிங்க?"

"தொட்டியெல்லாம் நல்லா இருக்குங்க" என்றாள் அக்கா. "நான்தான் நல்லா இல்ல."