வெர்னெல் சாத்திய கதவு

எங்கள் கல்லூரியில் ஆசிரியர் அறைக் கதவு சாத்தியிருந்தால் வீட்டில் சாவு என்று அர்த்தம். மற்றபடி திறந்தே கிடக்கும். அலபாமாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று அந்தக் காலத்தில் தொடங்கிய சின்னக் கல்லூரி. பிள்ளைகள் மார்க் கேட்டும் வருவார்கள், அழவும் வருவார்கள். அடுத்த அறையில் வரலாறு நடத்தும் வெர்னெல் பெட்டவேயிடம்தான் கூட்டம். நான் கணக்கு. என்னிடம் யாரும் அழ வருவதில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

எங்கள் ஊரில் துணி வெளுத்த பெண்கள் ஒரு கோடையில் வேலைநிறுத்தம் செய்த கதையை வெர்னெல் புத்தகமாக எழுத ஆரம்பித்துப் பல வருஷம். பருவத்துக்கு ஐந்து வகுப்பு எடுக்கிறவள் எப்போது எழுதுவாள்? பாதியில் நின்றது. இந்த வருஷம் முடிக்காவிட்டால் வேண்டாம் என்று பதிப்பகம் சொல்லிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து, எங்களைப் போன்ற கல்லூரிக்காரர்கள் வந்து தங்கி எழுத வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் இடம் கொடுத்தது. ஒரு பருவம் வகுப்பே இல்லை. தனி அறை, பக்கத்திலேயே நூலகம்.

போனவள் அங்கும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழக்கம் எங்கே போகும்? ஒருவர் வந்து கறுப்பின மாணவர்களைப் பற்றிக் கருத்துக் கேட்டார், இன்னொருவர் ஏதோ ஒரு குழுவில் சேரச் சொன்னார். பாதிப் பருவம் போய், எழுதியது நாலே பக்கம். போனில் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க மத்தவங்க கதவு எப்படி இருக்கு?"

"எல்லாம் சாத்தித்தான் இருக்கு. எழவு விழுந்த தெருவுல நடக்கற மாதிரி இருக்குடி."

"அவங்க எழுதுறாங்க. நீயும் சாத்து."

மறுநாள் நிர்வாகி வந்து நின்றார். நன்கொடையாளர் விருந்தில் அவள் தன் கல்லூரியின் கஷ்டத்தை உருக்கமாகப் பேச வேண்டுமாம். "நான் எழுத வந்தவ சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பருவம் முடிந்ததும், கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி என்கிற நிலையில் ஊர் திரும்பினாள்.

திங்கட்கிழமை இங்கே அவள் கதவு சாத்தியிருந்தது. மதியத்துக்குள் வாசலில் வறுத்த கோழி, மக்ரோனி, இரண்டு கேக். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாப்பாடு. பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள். பாதிரியாருக்கும் சொல்லியனுப்பிவிட்டார்களாம்.

வெர்னெல் கதவைத் திறந்தாள். சாப்பாட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால் முடிவிலிருந்து அசையவில்லை.

"யாரும் சாகல. புத்தகத்த முடிக்கிறேன். நாலு மணிக்குத் திறப்பேன்."

கோழியை மட்டும் எடுத்துக்கொண்டு சாத்தினாள். பிள்ளைகள் விழித்தார்கள். தன் கஷ்டத்தைச் சொல்ல வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற ஒருத்தி தட்டக் கையைத் தூக்கினாள். நான் என் நாற்காலியை இழுத்து வந்து அந்தக் கதவை மறித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நாலு மணி வரைக்கும் நான்தான். சொல்லும்மா, என்ன ஆச்சு?"