மஞ்சள்காணிக்குக் காவல்

எங்கள் ஊரில் சேவற்கட்டு முடிந்த சாயங்காலம் தெருவே குழம்பு மணக்கும். தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். கத்திக் காயத்தோடு கிடக்கும் கோச்சையை ஜெயித்த சேவலின் சொந்தக்காரன் தூக்கிக்கொண்டு போவான். அன்றைக்கு அவன் வீட்டில் கறிச்சோறு. எந்த வீட்டிலிருந்து மணம் வருகிறது என்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எங்கள் வீட்டில் மட்டும் கோச்சைக் கறி ஒருநாளும் வெந்ததில்லை. அப்பா சேவலோடு போவார், வெறுங்கையோடு வருவார். அவர் வளர்த்ததை ஊரார் தின்றார்கள்.

வளர்ப்பில் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் சேவலைப் பாகூர் ஏரியில் நீந்த விடுவார், துணியால் ஒற்றித் துடைப்பார், கேழ்வரகோடு முட்டையைப் பிசைந்து ஊட்டுவார். எங்கள் வீட்டில் முட்டை சேவலுக்குத்தான். தம்பி கேட்டு அழுதால், "நீ இன்னாடா, களத்துல எறங்கி ஜெயிச்சா குடுக்கப்போற?" என்று சிரிப்பார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. இங்கிலீஷ்காரன் எல்லையில் போலீஸ் தொல்லை என்று கடலூர்ப் பக்கத்து ஆட்களும் எங்கள் தோப்புக்கு வந்து பந்தயம் கட்டுவார்கள். அவர்களுக்கெல்லாம் அப்பா தங்கமான மனிதர். முகம் சுளிக்காமல் தோற்பார், கேட்டதைக் கொடுப்பார். கொடுத்தது அம்மாவின் காதிலிருந்து கழற்றியது என்பது அவர்களுக்கு எதற்கு?

அம்மாவும் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஒருமுறை மூக்குத்தியைச் சாணத்துக்குள் வைத்து வறட்டியாகத் தட்டிச் சுவரில் ஒட்டிவிட்டாள். அப்பா அத்தனை வறட்டியையும் உடைத்து நொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். மூக்குத்தியும் போயிற்று, அன்றைக்கு அடுப்பெரிக்க வறட்டியும் இல்லை. அப்புறம் உழவு மாடு போயிற்று, வெண்கலப் பானை போயிற்று. கடைசியில் மிஞ்சியது அம்மாவின் மஞ்சள்காணி ஒன்றுதான். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது பிறந்த வீட்டார் அவள் பேரில் எழுதிவைக்கும் நிலம் அது. தாய்க்குப் பிறகு மகளுக்கு வரும். அவள் கைநாட்டு இல்லாமல் புருஷன் அதைத் தொட முடியாது. ஏரித் தண்ணீர் பாயும் அந்தத் துண்டு நிலத்து நெல்தான் எங்கள் நால்வர் வாய்க்கும் சோறு.

அந்தக் கைநாட்டுக்கு அப்பா கெஞ்சினார், அடித்தார், சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு படுத்தார். அம்மா மசியவில்லை. ஒருநாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா கடும் ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டிருந்தார். மடியில் ஈட்டுப் பத்திரம். நான் போட்ட கூச்சலில் அண்டை வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். அம்மா கண்விழித்து விரலைப் பார்த்தாள். விரலை உள்ளே மடக்கிக் கையை இறுக மூடிக்கொண்டாள்.

ஜுரம் விட்டதும் பத்திரம் எழுதும் நொத்தேரின் குமாஸ்தாவைப் போய்ப் பார்த்தாள். நிலத்தை மகள் பேருக்கு மாற்றினால் தப்புமா என்று கேட்டிருக்கிறாள். "கல்யாணமாகாத பொண்ணுன்னா அப்பன்தாம்மா பொறுப்பு. அந்தாளு கைக்கே போவும். கட்டிக்குடுத்துட்டா புருஷன் பொறுப்பு" என்றானாம் அவன். அவ்வளவுதான். என் தலையெழுத்து அந்த இடத்தில் முடிந்தது.

எனக்குத் தலை வாரிக்கொண்டேதான் சொன்னாள். "ஒன்ன மாமனுக்குக் குடுக்கப்போறன்டி. மஞ்சக்காணி ஒன் பேருக்கு வந்துடும். அந்தாளு கை எட்டாது." அம்மாவின் தம்பிதான் மாமா. வில்லியனூர்ப் பக்கத்தில் இருந்தார். பெண்டாட்டி செத்துப் பிள்ளைகளோடு தவித்துக்கொண்டிருந்தவர், தீராத இழுப்புக்காரர். எனக்குப் பதிமூன்று வயது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவுக்குப் பிரெஞ்சில் பொன்ழூர் என்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த பெண். நிலம் எனக்கா என்று பூரித்துப்போனேன். என்ன கண்டேன்! போன வீட்டில் கிட்டத்தட்ட என் உயரத்துக்கு ஒரு பையன் என்னைச் சித்தி என்று கூப்பிட்டான்.

மாமா நல்லவர். அதைச் சொல்லாவிட்டால் வாய் அழுகிப்போகும். ஒருநாள் கூடக் கை நீட்டியதில்லை. ஆனால் அவருக்கு நெஞ்சில் ஒத்தடம் கொடுத்துக் கொடுத்தே என் வாலிபம் தீர்ந்தது. அப்பா அவ்வப்போது வந்து வாசலில் நிற்பார். "பாப்பா, அப்பாவுக்கு ஒரே ஒரு கைநாட்டுடி. இந்த தபா ஜெயிச்சுருவேன்." சோறு போட்டு அனுப்புவேன், விரலைக் கொடுக்க மாட்டேன். என் நிலம் என்ற வைராக்கியம். விளைந்த நெல் அம்மா வீட்டுக்குத்தான் போயிற்று. இருந்தாலும் என் நிலம்.

அப்பா செத்து வருஷம் திரும்புவதற்குள் அம்மா வந்தாள். வாங்கிக் குடித்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் சொன்னாள்: "நெலத்த ஒன் தம்பி பேருக்கு மாத்திக் குடுத்துடு பாப்பா. அவனுக்குப் பொண்ணு பாக்கறேன்."

"மஞ்சக்காணி பொண்ணுக்குத்தானேம்மா?"

"ஒன்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்னுதான்டி வெச்சேன். ஆம்பளப் புள்ள பொழைக்க வாணாமா?"

"அப்ப நானு?"

"ஒனக்கின்னாடி கொற? வூடு கீது, புருஷன் கீறான்."

மாமாவுக்கு முன்பே தெரியுமாம். கல்யாணத்துக்கு முன்னாலேயே அம்மாவும் அவரும் பேசிவைத்த ஏற்பாடாம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

இப்போது அந்த நிலத்தின் விளைச்சலில் தம்பி வீட்டார் மாடி கட்டிவிட்டார்கள். கல்யாணம் காட்சி என்று போனால், "சூதாடி புருஷன வெச்சிக்கினு சொத்தக் காப்பாத்துனாங்க பாரு, அவங்கல்ல பொம்பள!" என்று அம்மாவைப் பற்றி என்னிடமே சொல்கிறார்கள். தலையாட்டிவிட்டு வருகிறேன். அவள் காப்பாற்றியது நிஜம். எதைப் போட்டுக் காப்பாற்றினாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்பா பந்தயத்தில் வைக்காமல் விட்டது என்னை ஒருத்தியைத்தான். அதை அம்மா வைத்தாள்.

நொத்தேரிடம் கைநாட்டு வைத்துவிட்டு வண்டியில் திரும்பிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாமா அன்றைக்கு இழுப்பே இல்லாமல் தெம்பாக இருந்தார். "மனசு லேசாச்சு பாப்பா. அக்கா நம்பிக் குடுத்தத அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன்" என்றார்.

"என்னையும் சேத்துத் திருப்பிக் குடுத்திருக்கலாமே மாமா" என்றேன்.

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து மாமா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மாட்டை ஓட்டினார்.